ஒரு குறையும் இல்லையென்று நான் சொன்ன வீடு

சங்கரன்கோவில்
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அல்லாஹ்வின் திருப்பெயரால்.

அன்பு மகன் ரிபாயிக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சவூதியில், தம்மாமில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்றே நம்புகிறேன். நான் இங்கே பாதி சுகமாக இருக்கிறேன், மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இது என்ன புதுசாகக் கடிதம் என்று பிரிக்கும்போதே உனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். யார் உயிருக்கும் ஒன்றுமில்லை, முதலில் உட்கார்ந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடி. கடையநல்லூர் மாமியின் மருமகள் பர்ஹத், புருஷனைப் பார்க்க விசிட் விசாவில் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு வருகிறாள் அல்லவா, அவள் பெட்டியில் உனக்கென்று நார்த்தங்காய் ஊறுகாயும் இதையும் வைத்துக் கொடுக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, அதிலும் கண்ணாடி போட்டும் வரி கோணிக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொண்டு படி.

போனில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு நாளும் என் முதுகுக்குப் பின்னால் ஒரு பச்சைச் சுவரைப் பார்க்கிறாயே, இந்த வீட்டில் ஈரம் ஏறாத சுவர் அது ஒன்றுதான். மற்ற மூன்றையும் நீ பார்த்துவிடக் கூடாது என்றுதான் இரண்டு மாதமாக ஒரே இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து உன்னிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நீ, உம்மா போனைக் கொஞ்சம் திருப்பிக் காட்டு, வாப்பா படுத்திருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்றாய். சார்ஜ் தீரப்போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். சார்ஜ் எண்பது இருந்தது. பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டு அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. அதற்கு முன்னும் பின்னும் சொன்ன பொய்களை எல்லாம் இன்றைக்கு ஒரே மூச்சில் இறக்கி வைத்துவிடுகிறேன், கோபப்பட வேண்டுமானால் முழுசும் படித்துவிட்டுக் கோபப்படு.

இந்த வீட்டுக்கு நாம் குடிவந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. பத்தொன்பது வருசம். வீட்டுக்காரர் சண்முகையா அண்ணாச்சி நல்ல மனுசன், ஆடித்தபசுக்கு வருகிற சொந்தபந்தத்துக்கெல்லாம் சர்பத் போட உன் வாப்பாவிடம்தான் எலுமிச்சம்பழம் சொல்லுவார், வாப்பாவும் புளியங்குடி மார்க்கெட்டில் பொறுக்கி எடுத்து ஒரு சாக்கு தனியாகக் கட்டிக்கொண்டு வருவார். நாலு வருசமாக வாடகை வாங்க வருவது அவர் மகன் பேச்சிராஜா. மேலே காரை பெயர்கிறது, குளிக்கிற அறைக் கதவு கீலோடு கழன்று நிற்கிறது, பட்டாசல் கூடத்தில் சுவிட்சைத் தொட்டால் கை உதறுகிறது என்று வாப்பா எத்தனை முறை சொல்லியிருப்பார். அடுத்த மாசம் பாப்போம் என்பான். அவனுடைய அடுத்த மாசம் எந்தக் காலண்டரிலும் வரவில்லை. கடைசியில் ஒவ்வொரு வருசமும் மழைக்கு முன்னால் வாப்பாவே ஒரு சட்டி சிமெண்டைக் குழைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறி விரிசலை அடைத்துவிட்டு வருவார், அதனால்தான் இத்தனை காலமும் தலைக்கு மேலே தாங்கியது. இந்த வருசம் சிமெண்டு குழைக்க வேண்டிய நேரத்தில் அவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டார், மழைக்கு முன்னாலேயே மவுத்தாகியும் போனார். மாடிக்கு ஏற ஆள் இல்லை.

அவர் போனதிலிருந்து நான் இத்தாவில் இருக்கிறேன். நாலு மாசம் பத்து நாள், புருஷன் கண்மூடிய வீட்டை விட்டு நகராமல், வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருக்க வேண்டும். எனக்கு அது பாரமாகவே இல்லை மக்கா. ஊரில் சிலர், பாவம் அடைந்து கிடக்கிறாள் என்று பேசுகிறார்களாம், எனக்கு அதுதான் ஆறுதலாக இருந்தது. வாப்பா மூன்று மாதம் சாய்ந்து உட்கார்ந்திருந்த சுவரில் அவர் தலை எண்ணெய் பட்டு ஒரு தடம் விழுந்திருந்தது, உள்ளங்கை அளவு இருக்கும். அதற்குக் கீழே பாயைப் போட்டுத்தான் படுத்துக்கொள்வேன். நீ ஜனாஸாவுக்கு வர முடியாமல் போனில் பார்த்தாய், அதுவும் தூக்குகிற நேரத்தில் சிக்னல் போய்விட்டது என்று பிறகு நீ அழுதது என் காதிலேயே நிற்கிறது. பிப்ரவரியில் உனக்கு லீவு. அதுவரைக்கும் இந்த வீட்டை இப்படியே வைத்திருந்து, இங்கேதான் இருந்தார், இப்படித்தான் சாய்ந்திருந்தார் என்று உன்னைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று நான் மனசுக்குள் நிய்யத் வைத்திருந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இத்தனை பொய்யும்.

ஐப்பசியில் முதல் மழை பெய்து மூன்றாம் நாள், நம் பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத்தின் வீட்டம்மா என்னைப் பார்க்க வந்தார்கள். மாமிதான் கடையநல்லூரிலிருந்து போன் போட்டு, வீடு பழசு, என் நாத்தி தனியாகக் கிடக்கிறாள், என் வீட்டில் வந்து மிச்ச இத்தாவை இருக்கலாமா என்று ஹஸ்ரத்திடம் கேட்டிருக்கிறாள். வீடு இடியும் என்ற பயம் இருந்தால் மாறலாம், சும்மா மாறக் கூடாது என்று ஹஸ்ரத் சொல்லி, நேரில் பார்த்து வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் அந்த அம்மாவைப் பச்சைச் சுவர்ப் பக்கம் உட்கார வைத்து, மேலே நிமிர்ந்து பார்க்க விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் சண்முகையா அண்ணாச்சி. இத்தாவில் இருக்கிற வீடு என்று மரியாதைக்கு நடை ஏறாமல் தெருவிலேயே நின்றுகொண்டு, பக்கத்து வீட்டு ஞானசெல்வியைக் கூப்பிட்டு, மழைக்கு வீடு எப்படி இருக்கு, குறை ஏதும் உண்டுமான்னு உள்ள கேட்டுச் சொல்லு தாயி என்றார். ஞானம் வந்து கேட்டாள். உள்ளே ஹஸ்ரத் வீட்டம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒழுகுகிறது என்று சொன்னால் மறுநாளே மாமி கார் பிடித்து வந்துவிடுவாள். ஒரு குறையும் இல்லை, வீடு நன்றாக இருக்கிறது என்று சொல்லு என்றேன். உள்ளே இருந்தவருக்கும் வெளியே நின்றவருக்கும் சேர்த்து ஒரே பதில். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அது நடந்து பத்து நாள் கழித்துப் பேச்சிராஜா வந்தான். அவனும் மரியாதைக்காரன், அவனும் தெருவிலேயே நின்றான். தை பிறந்ததும் வாடகை ஏழாயிரம், இல்லையென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஞானத்திடம் சொல்லி அனுப்பினான். இப்போது கொடுப்பது நாலாயிரத்து ஐநூறு என்பது உனக்குத் தெரியும். என் இத்தா முடியவே தை ஆறு ஆகிவிடும். ஞானத்துக்குப் பொறுக்கவில்லை, நான் தடுத்தும் கேளாமல், மூணு சுவர் ஊறி நிக்கி, சுவிட்சத் தொட்டா தூக்கி எறியி, இதுக்கு ஏழாயிரமா தம்பி என்று கேட்டுவிட்டாள். அவன் சிரித்தானாம். போன வாரந்தான அப்பா வந்து கேட்டாவ, ஒரு குறையும் இல்ல, வீடு நல்லாருக்குன்னு அவங்கதான சொன்னாங்க, வாடகைன்னதும் ஒழுக ஆரம்பிச்சிட்டோ என்றானாம். நீயே உள்ளே வந்து பார் என்று இவள் சொன்னதற்கு, இத்தாவுல இருக்கவங்க வீட்டுக்குள்ள நான் எப்படிக்கா வர முடியும், தப்பில்லா என்றிருக்கிறான். திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் பேச்சில் ஒரு இடத்தில்கூடப் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. சரி, ஏழாயிரம் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் கல்யாணத்துக்கு என்று நீ அனுப்பி வைத்ததில் கை வைக்க நினைத்தேன், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஞானம் என்னைப் பார்த்து, அக்கா ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு, ஒழுகுத வீட்டுக்குக் கூடக் காசா என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள். அவளுக்கு என்ன சொல்ல, அவளிடமும் காரணத்தைச் சொல்லவில்லை.

கார்த்திகையில் மழை விட்டும் தூவானம் விடவில்லை. வாப்பாவின் சுவரில் ஈரம் கீழேயிருந்து ஏறியது, மேலேயிருந்தும் இறங்கியது. சுண்ணாம்பு கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. அந்தத் தடத்தைச் சுற்றி மட்டும் துணி வைத்து ஒற்றிக்கொண்டே இருந்தேன், மின்விசிறியைத் திருப்பி வைத்தேன், இஸ்திரிப் பெட்டியைக்கூட ஒருநாள் சூடாக்கிக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். கிறுக்கு என்று ஞானம் சொன்னது பொய்யில்லை. போன திங்கட்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு அடுக்களைக்குக் கஞ்சி இறக்கப் போனேன். பட்டாசலில் பெரிய சத்தம். திரும்பி வந்து பார்த்தால் நான் தொழுத பாயின் மேலே ஒரு ஆள் தூக்க முடியாத காரைக் கட்டி கிடக்கிறது, மேலே துருப்பிடித்த கம்பி விலா எலும்பு மாதிரி தெரிகிறது. விழுந்த அதிர்வில் சுவரிலிருந்த சுண்ணாம்பும் அப்படியே பாளமாக உரிந்து விழுந்துவிட்டது. தடம் போய்விட்டது மக்கா. தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தேன், எது எண்ணெய், எது ஈரம் என்று தெரியவில்லை. என் உயிர் தப்பியதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல வேண்டியவள், அந்த இடத்தில் உட்கார்ந்து சுண்ணாம்புக்காக அழுதுகொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு ஞானம் ஓடி வந்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை, நேராகப் போய் சண்முகையா அண்ணாச்சியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் வழக்கம்போலத் தெருவில் நிற்க, அண்ணாச்சி நீங்க மரியாத பாத்தது போதும், உள்ள வந்து மேல பாருங்க என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. நான் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன். அவர் வந்தது செருப்புச் சத்தம் இல்லாததால் முதலில் தெரியவே இல்லை, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். மேலே பார்த்துவிட்டு அடுக்களைப் பக்கம் வந்தார். பிறகு கதவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். ஏன் தாயி, அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா, ஒங்க வீட்டுக்காரரு ஆதம் கிடையில கிடக்கும்போது இந்த வருசம் மேல பூசித் தாரேன்னு அவரு கையப் பிடிச்சுச் சொன்னவன் நான், அன்னைக்கு அதுக்குத்தான வந்தேன், கருத்தப்பாண்டி கொத்தனாரையும் கூட்டிக்கிட்டுல்லா வந்தேன், தெரு முக்குல சைக்கிளோட நின்னாரு, ஒரு குறையும் இல்லன்னு உள்ளேருந்து சொல்லவும் போயிட்டு வாரும்னு அனுப்பிட்டேனே என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. உன் வாப்பா கடைசியில் நாக்குக் குழறிக் குழறி மேலே கையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், மேலுலகத்தைச் சொல்கிறார் என்று நினைத்து நாங்கள் கலிமா ஓதினோம். அண்ணாச்சி பூசித் தருவார் என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

அண்ணாச்சி அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டார். போன் சத்தமாக இருந்ததால் எனக்கும் கேட்டது. முதல்ல காலி பண்ணச் சொல்லுங்கப்பா, மராமத்து பாத்துட்டு வேற ஆளுக்கு விடலாம், பேங்குக்காரர் ஒருத்தர் பத்தாயிரம் தாரேங்காரு என்றான் பேச்சிராஜா. இவர் ஏதோ மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவன் வைத்துவிட்டான். பத்திரத்த அவன் பேருக்கு எழுதிட்டேன் தாயி, இப்ப என் பேச்சு எடுபடாது என்று சொல்லிவிட்டு அந்தக் காரைக் கட்டியைத் தன் கையாலேயே உருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார். எழுபது வயசுக்கு மேலே ஆன மனுசன். அவரைத் திட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை, மகனைத் திட்டினாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஞானத்தின் புருஷன் சாம்சன் வக்கீல் ஆபீசில் எழுதுகிறவர் அல்லவா, மனு போடலாம் அக்கா என்கிறார். பத்தொன்பது வருசமும் வாய்ப்பேச்சில் இருந்த வீடு, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, எழுதி வைத்திருந்தாலும் வீடு நன்றாக இருக்கிறது என்று சாட்சி சொன்னவள் நான்தானே. நீ அங்கிருந்து பேச்சிராஜாவுக்குப் போன் போட்டு ஏறாதே, உன் கோபம் எனக்குத் தெரியும், உன் வாப்பா இந்தத் தெருவில் ஒருவரிடமும் குரலை உயர்த்தாமல் வாழ்ந்துவிட்டுப் போனவர்.

நேற்று ஹஸ்ரத் வீட்டம்மாவைக் கூப்பிட்டு அனுப்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் மேலே பார்த்துவிட்டு, ஏட்டி மீரா, நீ செத்திருந்தா நான்லா பதில் சொல்லணும் என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சொன்ன பொய்க்கு அல்லாஹ்விடம் தவ்பா செய்துகொள், தாராளமாகப் போகலாம், மிச்சம் முப்பத்தொன்பது நாளையும் அங்கே போய் முடி என்று ஹஸ்ரத் சொல்லி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் பர்ஹத்தும் மாமியும் காரோடு வருகிறார்கள். பர்ஹத் உங்கள் ஊருக்கு வருவதால் அவள் அறை மூன்று மாதத்துக்குக் காலியாக இருக்கும், அதில் நான் இருந்துகொள்ளலாம். அவள் திரும்பி வந்த பிறகு எங்கே என்று மாமியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமி நல்லவள்தான், ஆனால் ஒருவர் வீட்டில் போய் ஒண்டுவது என்றால் அடுப்பில் பால் வைக்கவும் கேட்டுத்தான் வைக்க வேண்டும். சாமான்களை ஞானம் கட்டிக்கொண்டிருக்கிறாள். வாப்பாவின் எலுமிச்சைச் சாக்குகள் பதினொன்று இருந்தன, அவளையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அட்வான்சில் பெயிண்ட் அடிக்கிற செலவைப் பிடித்துக்கொண்டுதான் தருவான் என்கிறார்கள், பிடித்துக்கொள்ளட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒன்றுதான். நீ வாப்பாவைக் கடைசியாகப் பார்க்கவில்லை, அவர் இருந்த இடத்தையாவது காட்டுவேன் என்று நினைத்தேன், அதையும் என் வாயாலேயே கெடுத்துவிட்டேன். ஒழுகுகிறது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் கொத்தனார் ஏறிப் பூசியிருப்பார், சுவர் தப்பியிருக்கும். இடத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லி, அந்தப் பொய்யாலேயே இடத்தைத் தொலைத்தேன். இதைப் போனில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. நீயும் இனிமேல் எனக்கு எதையும் மறைக்காதே, அங்கே ரூமில் ஏ.சி. ஓடவில்லை, கையில் அடிபட்டது என்றால் அப்படியே சொல். நல்லா இருக்கேன் உம்மா என்று நீ சொல்லும்போதெல்லாம் இனி எனக்குப் பயமாகத்தான் இருக்கும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான சம்பாத்தியத்தையும், தலைக்கு மேலே ஒழுகாத ஒரு கூரையையும் தருவானாக. ஐந்து நேரத் தொழுகையை விடாதே, ஒவ்வொன்றிலும் வாப்பாவுக்கு துஆ செய். பர்ஹத்திடம் ஊறுகாய் வாங்கும்போது அவள் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடு, வெள்ளிக்கிழமையிலிருந்து நான் அவள் அறையில்தான் படுக்கப்போகிறேன்.

கடைசியாக ஒன்று, மறக்காமல் மனசில் வை. பிப்ரவரியில் நீ வரும்போது விடிகாலையில் தூக்கக் கலக்கத்தில் சங்கரன்கோவிலில் இறங்கி, பழக்கத்தில் நம் தெருவுக்கு ஆட்டோ பிடித்துவிடாதே. அங்கே வேறு யாரோ குடியிருப்பார்கள், நீ பாட்டுக்குக் கதவைத் தட்டி உம்மா என்று கூப்பிட்டுவிடுவாய்.

இப்படிக்கு
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் உம்மா
ஆ. மீரா பீவி
(வெள்ளிக்கிழமை முதல் கடையநல்லூர், மாமி வீடு)